ஜன்னலை முதலில் பார்க்கும் கேமரா

வீடுகளுக்கு நெட் இணைப்புக் கொடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், எந்த ரூட்டர் நல்லது என்று கேட்டு போன் செய்யும்போதெல்லாம் நான் உடனே பதில் சொல்வதில்லை. "அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று திருப்பிக் கேட்கிறேன். ஓய்வு பெற்ற ஆள், பொழுது போகாமல் கதையளக்கிறார் என்று உங்களில் சிலர் நினைப்பது எனக்குத் தெரியும். போன மாதம் ஒரு பெண் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள்: "சார், எத்தன ஆன்டெனா உள்ளத வாங்கணும்னு நான் கேக்கேன். நீங்க வீட்ல எத்தன பேருன்னு கேக்கிய."

எனக்குக் கோபம் வரவில்லை. நானும் பல வருடம் ஆன்டெனாவைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். மேற்கே பாபநாசம் வரைக்கும், தெற்கே நாங்குநேரி வரைக்கும் வீடு வீடாக ஏறி இறங்கி, சுவரில் துளை போட்டு, வயர் இழுத்து, பச்சை விளக்கு எரிந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பியவன். விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது என்று நம்பிய அந்த நாட்களில் நான் செய்த ஒரு தப்பையும், படுத்த படுக்கையாய் இருந்த ஒரு பெண் அதைக் கண்டுபிடித்ததையும் உங்களுக்கு எழுதி வைத்துவிட வேண்டும். நினைக்கும்போதெல்லாம் ஆச்சரியம் அடங்கவில்லை. வெட்கமும்தான்.

அவர் பெயரை இசக்கியம்மாள் என்று வைத்துக்கொள்வோம். கல்லிடைக்குறிச்சியில் வீடு. நாற்பது வயது இருக்கும். ஆற்றுப் படித்துறையில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போய்விட்டது. கையும் தலையும் நன்றாக இயங்கும். கணவர் சுடலைமுத்து வளைகுடா நாட்டில் லாரி ஓட்டுகிறார். சுடலைமுத்துவின் தம்பி கணேசனும் அவர் மனைவியும்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டார்கள். கணேசன் மனைவி காலையிலேயே இசக்கியம்மாளைக் குளிப்பாட்டி, சோறு கொடுத்து, எல்லாம் செய்துவிட்டு அப்பளக் கம்பெனிக்குப் போவாள். கணேசன் வயலுக்குப் போவார். காலை ஒன்பதிலிருந்து மதியச் சாப்பாடு வரை இசக்கியம்மாள் வீட்டில் தனி.

அந்த நேரத்தில் நினைத்தபோது மனைவியைப் பார்க்க வேண்டும் என்று சுடலைமுத்து ஒரு கேமரா அனுப்பி வைத்தார். போனிலிருந்தே கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பலாம். அதற்காகத்தான் அந்த வீட்டுக்கு பிராட்பேண்ட் இணைப்பு. இணைப்புக் கொடுக்கப் போனவன் நான்.

ஐப்பசி மாதம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ரூட்டரை மாட்டினேன். விளக்கு எரிந்தது. ஆனால் கேமராப் படம் வளைகுடாவில் இருக்கும் சுடலைமுத்துவுக்குத் தெரியவில்லை. அவர் போனில், "தெரியல அண்ணாச்சி, இன்னும் தெரியல" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். சரக்குக் கிடங்கில் லாரிக்கு லோடு ஏற்றுகிற அரை மணி நேரம்தான் அவருக்கு ஓய்வு. அங்குள்ள வைஃபையில்தான் பார்ப்பார். எனக்கு அம்பாசமுத்திரத்தில் இன்னும் இரண்டு வீடு பாக்கி.

அப்போது நான் செய்ததை உங்களில் பாதிப் பேர் செய்திருப்பீர்கள், ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். ரூட்டரின் ஃபயர்வாலை அணைத்தேன். ஃபயர்வால் என்பது வேறொன்றும் இல்லை, வீட்டுக்குள்ளிருந்து யாராவது கேட்டு வந்த பதிலை உள்ளே விடும். கேட்காமல் வந்து நிற்பதை வாசலோடு அனுப்பிவிடும். அந்தக் காவலைத்தான் எடுத்துவிட்டேன். கேமராவுக்கு வெளியிலிருந்து வர நேராக ஒரு வழியும் திறந்துவிட்டேன். கேமராவோடு வந்த பாஸ்வேர்டை மாற்றவில்லை. உடனே அங்கே சுடலைமுத்து, "ஆங், தெரியுது! தெரியுது அண்ணாச்சி!" என்றார். குரல் உடைந்துவிட்டது. கேமராவின் கழுத்து மெல்லத் திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. அப்புறம் பைய, அவசரமே இல்லாமல், கட்டில் பக்கம் வந்தது. வெளியே பச்சைப் பசேலென்று வயல் கிடந்தது. மனுஷன் ஊர் வயலைப் பார்த்து எத்தனை நாள் ஆகிறதோ என்று நினைத்துக்கொண்டேன். எனக்கே கண் கலங்கியது. சந்தோஷத்தில் ஃபயர்வாலை மறுபடி போட மறந்தேன் என்று சொன்னால் பொய். போட்டால் மறுபடி தெரியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் போடாமலே வந்தேன்.

இன்னொரு கூத்தும் உண்டு. மழைக்காலத்தில் ஒரு ரூட்டரை அணைத்துப் போடுவதற்காக மலையடிவாரம் வரைக்கும் வண்டி ஓட்டுவது என்ன கொடுமை என்று உங்களுக்குத் தெரியும். அதனால் எல்லா வீட்டு ரூட்டரையும் ஆபீசில் உட்கார்ந்தே திறந்து பார்க்க ஒரு வெளிவாசல் வைத்திருந்தோம். எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு. ஆற்றின் பெயரும் பின்னால் மூன்று எண்களும். ஊரில் எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையும் இரண்டாவது முயற்சியில் சொல்லிவிடும். அது என் யோசனை. அதற்காக மேலாளர் என்னைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திப் பாராட்டினார். நான் கைதட்டலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

சில மாதம் கழித்து இசக்கியம்மாளே போன் செய்தார்.

"அண்ணாச்சி, இந்தக் கேமரா தன்னால திரும்புது."

"ஆளு அசைஞ்சா திரும்பும்மா. அது அப்படித்தான்."

"அசையுததுக்கு இங்கன யாரு அண்ணாச்சி இருக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கையில் வேறு வேலை. "ஒரு தடவ பெட்டிய அணைச்சுப் போடச் சொல்லுங்க, சரியாப் போகும்" என்றேன். அடுத்த மாதம் மறுபடி போன். அணைச்சுப் போடுங்க. அதற்கடுத்தும் ஒரு தடவை. அதே பதில். நம் தொழிலில் எல்லா நோய்க்கும் அந்த ஒரே கஷாயம்தானே.

பிறகு ஒரு நாள் கணேசன் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார். "அண்ணாச்சி, நீங்க ஒரு நட வரணும். வந்து கேமரா நல்லாத்தான் இருக்குன்னு மதினிகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்." அண்ணன் மனைவி இசக்கியம்மாளைத்தான் அவர் மதினி என்பார்.

போனேன். காலை பதினோரு மணி இருக்கும். கணேசன் வயலுக்குப் போகாமல் வாசலிலேயே நின்றிருந்தார். என்னை உள்ளே விடாமல் தெருவோரம் கூட்டிப்போய்ச் சொன்னார்.

"மதினி வேற யாரோ தன்னயப் பாக்கான்னு சொல்லுதாவ. அண்ணன்கிட்ட கேட்டா, நான் அப்பம் வண்டில்லா ஓட்டிக்கிட்டு இருந்தேங்கான். மாத்திர வேகத்துல புத்தி தடுமாறுதுன்னு அண்ணன் பயப்படுதான். நாளைக்குப் பாளையங்கோட்டைல மனநல டாக்டர்ட்ட காட்டப் போறோம். பகல்ல தூங்குததுக்கு மாத்திர குடுப்பாவளாம்."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"நான் புத்தியோடதான் இருக்கேன்னு ஒரே ஒரு ஆளு சொன்னாப் போதும்னு அழுதாவ. என்னால அத சொல்ல முடியலயே அண்ணாச்சி."

தூக்க மாத்திரை கொடுத்தால் பகல் முழுக்க மயங்கிக் கிடப்பார். அந்தக் கண்ணையும் சொல்லையும் விட்டால் அவரிடம் வேறு என்ன இருக்கிறது?  இருந்தாலும் உண்மையைச் சொல்கிறேன், உள்ளே போகும்போது நானும் கணேசன் பக்கம்தான். பாவம், தனிமை, இப்படித்தான் தோன்றும் என்றுதான் நினைத்தேன்.

இசக்கியம்மாள் அழவில்லை. என்னைக் கண்டதும் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

"அவிய பாத்தாவன்னா கேமரா மொதல்ல ஜன்னலத்தான் பாக்கும், அண்ணாச்சி. கொஞ்ச நேரம் அங்கனயே நிக்கும். பெறவு பையத்தான் எம் பக்கம் வரும். இது அப்படி இல்ல. வந்த ஒடனே நேரா எம் மேலதான் விழுது."

அவிய என்று அவர் சொன்னது கணவரை. பெயர் சொல்லமாட்டார். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். எந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டோம் என்று எழுதி வைக்கிற நோட்டு. அதைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து வேறொன்று எழுதிக்கொண்டு வந்திருந்தார். நாள், மணி, நிமிடம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு சொல். சிலவற்றில் 'அவிய'. சிலவற்றில் 'வேற'. எதிர்ச் சுவரில் கடிகாரம் மாட்டியிருந்தது. மல்லாந்து படுத்தபடி எழுதிய எழுத்து, கோணல்மாணலாக, ஆனால் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது.

நான் லேப்டாப்பை வயரில் இணைத்து, வெளியிலிருந்து யார் எப்போது வந்தார்கள் என்று ரூட்டர் தானே குறித்து வைக்கும் பதிவுப் பட்டியலைத் திறந்தேன். எத்தனையோ வருடம் இந்த வேலையில் இருந்தும் அந்தப் பக்கத்தை நான் நின்று படித்ததில்லை. படிக்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு. அன்று பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருக்கும்போது வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே வந்தன. எங்கெங்கோ உள்ள இணைப்புகளின் முகவரி எண்கள். ஒன்று வந்து கதவைத் தட்டுகிறது, போகிறது. அடுத்தது வருகிறது. கல்லிடைக்குறிச்சியில் ஒரு சந்துக்குள் இருக்கும் ஓட்டு வீடு. தபால்காரர் வாரத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்தால் அதிகம். அந்த வீட்டு வாசலில் உலகமே வரிசை கட்டி நின்று தட்டிக்கொண்டிருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை கைகள் தட்டும் கதவையா நான் திறந்து போட்டுவிட்டுப் போனேன்?

தட்டியவர்கள் எல்லோரும் உள்ளே வந்துவிடவில்லை. கேமரா வரைக்கும் வந்தவர்கள் கொஞ்சம்தான். அந்த வரிகளை மட்டும் தனியே எடுத்து நோட்டோடு ஒத்துப் பார்த்தேன். அதிலும் கடைசி எட்டு நாள்தான் இருந்தது. ஏன் என்று யோசித்தபோது முகம் சுட்டது. அந்த ரூட்டரை அணைத்தால் பதிவு அழிந்துவிடும். மூன்று முறை அணைச்சுப் போடச் சொன்னேனே, மூன்று முறையும் அந்தப் பெண்ணின் சாட்சியை நானே அழித்திருக்கிறேன். கணேசனும் அதே பழக்கத்தில் எட்டு நாளுக்கு முன் ஒரு தடவை அணைத்துப் போட்டிருக்கிறார்.

சரி, எட்டு நாளாவது இருக்கிறதே என்று ஒத்துப் பார்த்தேன். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. நோட்டில் காலை பத்து மணி என்றால் பட்டியலில் விடியற்காலை நாலரை. நோட்டில் மதியம் என்றால் பட்டியலில் காலை. கணேசன் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விட்ட பெருமூச்சு என் கழுத்தில் பட்டது.

இசக்கியம்மாள் என் முகத்தைப் பார்த்தார். "பைய பாருங்க அண்ணாச்சி. நான் எழுதுனது சரிதான்."

அந்த 'சரிதான்' என்ற சொல்லில் கெஞ்சல் இல்லை. ஒரு வேலையைச் செய்து முடித்தவர் தன் வேலையைப் பற்றிச் சொல்கிற குரல். அதற்காகவே மறுபடி ஒரு முறை மேலிருந்து பார்ப்போம் என்று பக்கத்தின் உச்சிக்குப் போனேன். அங்கே ரூட்டரின் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து நாற்பது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று பத்து.

ஐந்தரை மணி நேர வித்தியாசம். ரூட்டரை மாட்டிய அன்று நான் அதன் கடிகாரத்தை நம் நாட்டு நேரத்துக்கு மாற்றவில்லை. நெட் வருவதற்குக் கடிகாரம் எதற்கு என்று எந்த வீட்டிலும் மாற்றியதில்லை. நோட்டை வாங்கி, பட்டியலில் உள்ள ஒவ்வொரு மணியோடும் ஐந்தரையைக் கூட்டிப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதல் வரி பொருந்தியது. இரண்டாவது பொருந்தியது.  எட்டு நாளிலும் நிமிடம்கூடப் பெரிதாகத் தவறவில்லை. அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. 'அவிய' என்று அவர் எழுதிய இடத்திலெல்லாம் சுடலைமுத்து பார்க்கும் கிடங்கிலிருந்து வந்த எண். 'வேற' என்று எழுதிய இடத்திலெல்லாம் எங்கள் யாருக்கும் தெரியாத வேறு எண். ஒன்றுகூட மாறவில்லை. கையில் கருவி இல்லை, திரை இல்லை, படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஒரு கேமராவின் கழுத்து எந்தப் பக்கம் முதலில் திரும்புகிறது என்பதை மட்டும் பார்த்து, அந்தப் பக்கம் இருப்பது யார் என்று அந்த மனுஷி சொல்லியிருக்கிறார். பொறியாளர்கள் பலரோடு பழகியிருக்கிறேன். அன்றைக்குப் போல யார் முன்னாலும் எனக்குக் கைகூப்பத் தோன்றியதில்லை.

"கணேசா, இங்கன வந்து பாரு வே" என்றேன். அவர் குனிந்து பார்த்தார். இரண்டு வரி ஒத்துப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "மதினி" என்றார். 

சரியாக அந்த நேரத்தில் இசக்கியம்மாள் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "இதா, வந்துட்டு. வேற."

கேமரா திரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் போகவில்லை. நேராகக் கட்டிலுக்கு வந்தது. நின்றது. பிறகு பக்கத்திலிருந்த என்னைக் கவனித்திருக்க வேண்டும், என் பக்கம் திரும்பியது. எந்த ஊர், எந்த முகம் என்று தெரியாத ஒருவன் இசக்கியம்மாளின் படுக்கையறைக்குள் நின்று என்னைப் பார்க்கிறான். 

கணேசன் ரூட்டரைப் பிடுங்க ஓடினார். "தொடாத வே!" என்று கத்தினேன். அவர் திகைத்து நின்றார்.

பிள்ளைகளே, இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். கரண்டைப் பிடுங்கினால் அவன் போய்விடுவான், உண்மை. கூடவே பதிவும் போய்விடும். மறுநாள் டாக்டரிடம் காட்ட, சுடலைமுத்துவிடம் காட்ட ஒன்றும் மிஞ்சாது. இசக்கியம்மாள் மறுபடி பைத்தியக்காரி ஆகிவிடுவார். ஆனால் பதிவைக் காப்பாற்றுகிறேன் என்று அவரை ஒரு விநாடிகூட அந்தக் கண் முன்னால் விட்டு வைக்கவும் கூடாது. என் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கேமராவின் மேல் போட்டேன். அது முதல் வேலை. பட்டியலில் வந்து நின்ற எண்ணையும் நேரத்தையும் போனில் படம் எடுத்தேன், மேலிருந்து கீழ்வரை எல்லாப் பக்கத்தையும். அது இரண்டாவது. அதற்கப்புறம்தான் வெளியிலிருந்து வரும் கண்ணாடி இழை வயரைக் கழற்றினேன், கரண்டை விட்டுவிட்டு. முதலில் மனுஷர், அப்புறம் சாட்சி, அப்புறம் கதவு. இந்த வரிசை மட்டும் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

துண்டுக்கு அடியில் கேமரா இங்கும் அங்கும் திரும்பும் சத்தம் மட்டும் சற்று நேரம் கேட்டது. வயரைக் கழற்றியதும் நின்றுவிட்டது.

முற்றத்துக்கு வந்து மேலாளருக்குப் போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "கஸ்டமருக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். அவங்கதான் கண்டுபிடிச்சாங்க."

"கேமராவுல கோளாறுன்னு சொல்லும். புதுசு மாத்திக் குடுத்துட்டு வாரும். நம்ம பாஸ்வேர்டு சமாச்சாரம் வெளிய போச்சுன்னா கம்பெனி நாறிப்போகும் வே. உமக்கு ரிட்டயர்மென்டுக்கு எத்தன மாசம் இருக்கு?"

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். நானும் பயந்தேன், அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. கேமராவில் கோளாறு என்று சொல்லிவிட்டால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். வேலையும் தப்பும், பேரும் தப்பும். ஆனால் கோளாறு என்றால் என்ன அர்த்தம்? தன்னால் திரும்பியது என்று அர்த்தம். யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். இசக்கியம்மாள் எழுதிய 'வேற' அத்தனையும் பொய் என்று அர்த்தம். ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். அவர் நோட்டை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தார். "சார், உண்மையத்தான் சொல்லப் போறேன்" என்று சொல்லி போனை வைத்தேன்.

கணேசனின் போனில் சுடலைமுத்துவை வீடியோவில் கூப்பிட்டோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபயர்வாலை அணைத்தது நான், பொது பாஸ்வேர்டு வைத்தது நான், கேமரா பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டது நான், மூன்று முறை இசக்கியம்மாள் சொன்னபோது காது கொடுக்காததும் நான். "உங்க வீட்டம்மாவுக்குப் புத்தி எங்கயும் போகல. எங்க கம்பெனில உள்ள எல்லாரோட புத்தியையும் சேத்தாலும் அவங்களுக்கு ஈடு கெடையாது" என்றேன்.

 அவர் ஏசினார். நியாயமான ஏச்சு. நம்பி வீட்டைத் திறந்து விட்டவரின் ஏச்சு. தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். எத்தனை நாளாகப் பார்க்கிறான், படம் எடுத்து வைத்திருக்கிறானா என்று கேட்டார். தெரியாது என்றேன். இன்றுவரை தெரியாது. போலீசில் புகார் கொடுத்தோம், நான் எடுத்த படங்களையும் கொடுத்தோம். அந்த எண்ணுக்குப் பின்னால் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. என்னால் சரிசெய்ய முடியாத இடம் அது. அதை நினைத்தால் இப்போதும் தூக்கம் போய்விடும்.

சுடலைமுத்து ஓய்ந்ததும் இசக்கியம்மாள் போனை வாங்கினார். "அண்ணாச்சிய ஏசுனது போதும். நாளைக்கி டாக்டர்ட்ட போவணுமா?"

அங்கே அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். "வேண்டாம் தாயி. ஒன்ன நம்பாம போயிட்டேனே."

"போவோம். காரு பேசியாச்சுல்லா? காலுக்குப் பாக்குத டாக்டர்ட்ட போவோம்."

கணேசன் சிரித்துவிட்டார், கண்ணில் தண்ணீரோடு.

மூன்றாம் நாள் வேறு ரூட்டரோடு போனேன். நீங்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் இங்கேதான் வருகிறது. ஆன்டெனாவை எண்ணவில்லை. செய்த நிறுவனம் இன்னமும் அதன் ஓட்டைகளை அடைத்துப் புதிய மென்பொருள் அனுப்பிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தேன். நிறுத்திவிட்ட மாடல் என்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். கேமரா மாதிரிச் சாமான்களைத் தனி வைஃபையில் ஒதுக்கி வைக்க முடியுமா, அணைத்தாலும் பதிவு அழியாமல் இருக்குமா என்றும் பார்த்தேன். ஃபயர்வாலைப் போட்டேன், கேமராவுக்குத் திறந்திருந்த வழியை மூடினேன், வெளிவாசலை அடைத்தேன். சுடலைமுத்துவின் போனுக்கு மட்டும் திறக்கிற மாதிரி ஒரு தனிப் பாதை போட்டுக் கொடுத்தேன். அதற்குக் கூடுதலாக முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணியைத்தான் முதல் நாள் நான் மிச்சம் பிடித்திருந்தேன். பாஸ்வேர்டை நான் வைக்கவில்லை. இசக்கியம்மாளையே வைக்கச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கடிகாரத்தை மறக்காமல் சரி செய்தேன்.

எல்லாம் முடிந்ததும் கேட்டேன். மாதக்கணக்கில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. "ஒங்களுக்கு இந்தக் கேமரா வேணுமா? வேண்டாம்னா கழட்டிருதேன்."

அவர் யோசித்தார். "இருக்கட்டும். அவியளுக்கு என்னயப் பாத்தாத்தான் சோறு எறங்கும். ஆனா எனக்கும் ஒரு சுவிட்சு வேணும், அண்ணாச்சி. கை எட்டுத தூரத்துல."

கட்டில் சட்டத்தில் ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தேன். தட்டினால் கேமரா அணைந்துவிடும். நான்கு தடவை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். என் வேலைக்காலத்தில் நான் வைத்ததிலேயே நல்ல ஃபயர்வால் அதுதான் என்பேன்.

அதன்பின் ஒவ்வொரு வீடாகப் போய் அந்தப் பொது பாஸ்வேர்டை மாற்றினேன். பாபநாசத்திலிருந்து நாங்குநேரி வரைக்கும், மழையில் நனைந்துகொண்டு. மேலாளர் முதலில் குதித்தார், பிறகு இரண்டு பேரைத் துணைக்கு அனுப்பினார். ஓய்வு பெறும் நாளுக்கு முந்தின வாரம்தான் கடைசி வீடு முடிந்தது. போன இடத்தில் எல்லாம் காப்பி கொடுத்தார்கள். என்ன செய்ய வந்திருக்கிறேன் என்று சொன்னபிறகும் கொடுத்தார்கள். அந்த மனசு எனக்கு இன்றும் புரியாத ஒன்று.

அன்றைக்கு அந்த வீட்டில் கடைசியாக நடந்ததைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். சுவிட்சை வைத்த பின் சுடலைமுத்துவைப் போட்டுப் பார்க்கச் சொன்னோம். கேமராவில் சின்ன விளக்கு எரிந்தது. கழுத்து அசைந்து, திரும்பி, ஜன்னலைப் பார்த்து நின்றது. வயலைப் பார்க்கிறார் என்று நான் மறுபடியும் நினைத்தேன். தற்செயலாகக் கட்டில் பக்கம் திரும்பினால், இசக்கியம்மாள் மளமளவென்று சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு, போர்வையை நேராக்கி, நெற்றியில் கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தார். நான் பார்த்ததைக் கண்டு அவருக்குக் கொஞ்சம் வெட்கம் வந்துவிட்டது.

"வயலப் பாக்காவன்னா நெனச்சிய? நான் சரி பண்ணிக்கிடணும்லா, அதுக்குத்தான் அங்கன நிக்காவ. நாங்க பேசி வச்சதுல்லாம் இல்ல அண்ணாச்சி. மொத நாள்லருந்தே அவிய அப்படித்தான்."

கடல் தாண்டி, வெயிலில் நிற்கும் ஒரு லாரிக்குள் உட்கார்ந்துகொண்டு, ஒரு மனுஷன் தன் மனைவியின் அறைக் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருந்தான்.  இத்தனை வீட்டுக்குள் போய் வந்தவன், நான் ஒரு நாள் அப்படி நின்றிருப்பேனா?

கேமரா பைய அவர் பக்கம் திரும்பியது. நான் பைகளை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். வாசல் நிலையைத் தாண்டும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். இசக்கியம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, நோட்டைத் திருப்பி, மணியை எழுதி, அதற்கு எதிரே 'அவிய' என்று எழுதிக்கொண்டிருந்தார்.